உடைந்த க்யூப்பை மறுபடி உடைப்பது

“சரி, இன்னொரு தடவை போட்டுப் பாரேன்” என்றுதான் சொன்னேன். ஹெப்பகோடியில், தகரக் கூரை போட்ட அந்தச் சின்ன சோதனை அறையில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மெஷினை ஓட்டியவர் முதலில் சிரித்தார். அப்புறம் என் தங்கை சிரித்தாள். அவள் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. தோற்றுப்போனது அவளுடைய க்யூப்.

தங்கை சிவில் படித்தவள். அங்கே எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் சைட் என்ஜினியர். தூணுக்கோ தளத்துக்கோ கான்கிரீட் போடும்போதெல்லாம் அதே கலவையிலிருந்து கொஞ்சம் எடுத்து ஆறு அங்குல இரும்பு அச்சில் ஊற்றி வைப்பார்கள். அதுதான் க்யூப். தண்ணீர்த் தொட்டியில் இருபத்தெட்டு நாள் கிடக்கும். பிறகு மெஷினில் வைத்து நசுக்குவார்கள். எவ்வளவு பாரம் தாங்கி உடைகிறது என்று பார்த்து, தூண் எவ்வளவு தாங்கும் என்று முடிவு செய்வார்கள். அன்றைக்கு அந்தக் கணக்கெல்லாம் எழுதும் ரிஜிஸ்டரை வீட்டுச் சமையல் மேடையில் மறந்துவிட்டுப் போயிருந்தாள். எனக்கு அன்று வீட்டிலிருந்தே வேலை. லிங்கராஜபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் ஊரின் அந்தக் கடைசிக்கு எடுத்துக்கொண்டு போனேன். போன இடத்தில், வேடிக்கை பார்ப்போமே என்று நின்றேன்.

மூன்று க்யூப். மூன்றும் தாங்க வேண்டிய அளவுக்கு முன்பே விரிசல் விட்டு உதிர்ந்தன. அப்போதுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன்.

“உடைஞ்சத எப்படிக்கா மறுபடி உடைப்பாங்க?” என்றாள் தங்கை. “இது என்ன உன் கம்ப்யூட்டரா?”

போனை எடுத்து யாரிடமோ, அந்தத் தூணுக்கு மேலே வேலையை நிறுத்தச் சொன்னாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மறுமுனையில் ஒருவர் கத்துவது எனக்கே கேட்டது. “கத்துங்க சார், ஆனா மேல ஏத்தாதீங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் வெளியே வந்து ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தேன். சாவியைப் போடத் தோன்றவில்லை. ‘இன்னொரு தடவை போட்டுப் பாரேன்’ என்று ஏன் சொன்னேன்? யோசித்துச் சொன்னதல்ல, நாக்கில் இருந்தது. ஆபீஸில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்வது. அந்த நிமிடம்தான் முதல்முறையாகத் தோன்றியது: என் ஐடி கார்டில் ‘சீனியர் சாஃப்ட்வேர் என்ஜினியர்’ என்று இருக்கிறதே, அதில் கடைசிச் சொல் அங்கே என்ன செய்கிறது?

எங்கள் கம்பெனி, மருந்து வைக்கும் ஃபிரிட்ஜுகளைக் கண்காணிக்கிறது. இன்சுலின், தடுப்பூசி எல்லாம் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும், தீப்பெட்டி அளவு கருவி ஒன்று ஃபிரிட்ஜுக்குள் உட்கார்ந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளவு அனுப்பும். இருபது நிமிடத்துக்கு மேல் எட்டைத் தாண்டியிருந்தால், பொறுப்பில் இருப்பவருக்கு எங்கள் சர்வர் போன் போடும். ‘மருந்தைப் பாருங்கள்’ என்று சொல்லும். அந்தப் போன் போடும் பகுதி என் கையில் இருக்கிறது.

ஒவ்வொரு மாற்றம் செய்யும்போதும், எழுதியது சரியா என்று பார்க்கச் சில நூறு டெஸ்டுகள் தானாக ஓடும். எல்லாம் தேறினால் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு. அதில் ஒரு டெஸ்டை எங்கள் டீமில் ‘மாமியார்’ என்று கூப்பிடுவோம். காரணமே சொல்லாமல் சில நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். நெட் போய்த் திரும்பி வந்த பிறகும் போன் போகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அது. சிவப்பு வரும். மறுபடி ஓட்டுவோம். பச்சை வரும். அனுப்பிவிடுவோம்.

இதில் எனக்குத் தொண்டையில் சிக்கிய முள் ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவையும் கையால் மறுபடி ஓட்டுவது எரிச்சலாக இருக்கிறது என்று, சிவப்பு வந்தால் மூன்று தடவை வரை தானாகவே திரும்ப ஓட்டுகிற ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரே மதியத்தில். அதற்கு எல்லோர் முன்னாலும் கைதட்டல், ஒரு காபி கோப்பை. கோப்பையில் ‘பிரச்சினை தீர்ப்பவர்’ என்ற பொருளில் இங்கிலீஷில் எழுதியிருக்கும். காலையில் இஞ்சி டீ அதில்தான் குடிக்கிறேன்.

அதாவது நான் கண்டுபிடித்தது, உடைந்த க்யூப்பை மறுபடி உடைக்கும் மெஷின்.

அன்று சாயங்காலம் தங்கை ஹெல்மெட்டைக் கழற்றாமலே மாடிப்படி ஏறி வந்தாள். கான்ட்ராக்டர் சண்டை போட்டிருக்கிறார். இனி தூணிலிருந்தே துளை போட்டு உருளையாக ஒரு துண்டு எடுத்து, அதையும் நசுக்கிப் பார்ப்பார்களாம். அதுவரை மேலே ஒரு கல் போகாது. நான் ஸ்கிரிப்ட் கதையைச் சொன்னேன். வாயில் இருந்த பிஸ்கட் புரையேறும் அளவுக்குச் சிரித்தாள்.

“அதுக்கு கப்பு வேற குடுத்தாங்களா?”

“சிரிக்காத டி.”

“அப்பா ஊர்ல என்ன சொல்லிட்டுத் திரியுறாரு தெரியும்ல? ‘ரெண்டு பொண்ணும் என்ஜினியர்’னு. இனிமே ‘ஒன்னு’ன்னு மாத்திச் சொல்லச் சொல்லட்டா?”

கோபம் வந்தது. வந்ததற்குக் காரணம், போன மாதம் நடந்த ஒன்று. கீழ்வீட்டு ஓனர் ஆன்ட்டி, சர்ச்சுக்குப் போகிற அவசரத்தில் படியில் நின்று, “இன்ஜினியரம்மா, எங்க ஹால் சுவர்ல விரிசல் ஒன்னு ஓடுது, வந்து பாரேன்” என்றார். நான், “தங்கச்சி வந்ததும் அனுப்புறேன் ஆன்ட்டி” என்றேன். அவர், “அப்ப நீ எதுக்கு இன்ஜினியர்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

நானும் பி.இ. தான். முதல் வருடம் பட்டறையில் இரண்டு இரும்புத் துண்டுகளை அரம் வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஒன்றுக்குள் ஒன்று பொருத்தினேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக்கூடாது. என்னுடையதில் தெரிந்தது. மறுபடி தேய்க்கச் சொன்னார்கள், இரும்பு போதாமல் போய் முதலிலிருந்து தொடங்கினேன். அன்றைக்கு அழுகை வந்தது. இப்போது யோசித்தால், பட்டம் வாங்கிய படிப்பிலேயே ‘தவறினால் பொருள் போச்சு’ என்று எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே வகுப்பு அதுதான்.

“உங்க ஆளுங்க மட்டும் என்ன யோக்கியமா?” என்று கேட்டேன். சண்டையில் தோற்கும்போது எல்லோரும் கேட்கிற கேள்வி.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். “இல்லக்கா. க்யூப்புக்குன்னு தனியா சிமெண்ட் கூட்டிக் கலக்குறவன் எங்க பக்கமும் இருக்கான். ஆனா அவன் யாரும் பாக்காதப்ப செய்வான். அது திருட்டுன்னு அவனுக்கே தெரியும். நீ அதுக்கு பட்டனே வெச்சுக் குடுத்திருக்க.”

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் ஆபீஸில் என் ஸ்கிரிப்டை என் மெஷினில் மட்டும் அணைத்துவிட்டு, மாமியாரை நாற்பது தடவை ஓட்டினேன். ஆறு தடவை சிவப்பு. அந்த ஆறையும் எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். நாங்கள் எல்லோரும் சொல்லிவந்தது, டெஸ்ட் சரியில்லை என்று. டெஸ்ட் சரியாகத்தான் இருந்தது. நாங்கள் எழுதியதுதான் தப்பு.

நெட் இல்லாதபோது கருவி அளவுகளைத் தனக்குள் சேர்த்து வைக்கும். நெட் வந்ததும் மொத்தமாக அனுப்பும். இந்தப் பக்கம் சர்வரில் நாலைந்து கைகள் ஒரே நேரத்தில் வாங்கிப் பிரிக்கும். பிரிக்கும்போது சில சமயம் வரிசை மாறும். கரெண்ட் போனதும் முதலில் எடுத்த ஆறு டிகிரி அளவு கடைசியாகக் கைக்கு வரும். சர்வர் என்ன நினைக்கும்? குளிர்ந்துவிட்டது, போன் வேண்டாம். கரெண்ட் வந்துவிட்டதால் கொஞ்ச நேரத்தில் ஃபிரிட்ஜும் நிஜமாகவே குளிர்ந்துவிடும். நடுவில் நாலு மணி நேரம் மருந்து சூட்டில் கிடந்தது யாருக்கும் தெரியாது.

கரெண்ட் போனால்தான் ஃபிரிட்ஜ் சூடாகும். கரெண்ட் போனால்தான் வைஃபையும் போகும். எதற்காக எங்களை வைத்திருக்கிறார்களோ, சரியாக அந்த நேரத்தில்தான் நாங்கள் ஊமையாகிறோம். அதுவும் எப்போதாவது. எப்போதும் ஊமையாக இருந்தால் என்றைக்கோ பிடித்திருப்போம்.

பழைய புகார்களைத் தேடினேன். இரண்டு மாதம் முன்பு ஒன்று: ‘ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வரவில்லை.’ சிவாஜிநகரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு கிளினிக். பதில் எழுதி மூடியிருந்தோம்: ‘எங்கள் பக்கம் ஓட்டிப் பார்த்தோம், சரியாக வருகிறது.’ எழுதியது யார் என்று பார்க்கப் பயந்து பார்த்தேன். நான்தான்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போனேன். துணிக்கடைகளுக்கும் கறிக்கடைகளுக்கும் நடுவில் ஒரு குறுகிய படி, மேலே கிளினிக். மருந்துப் பொறுப்பில் இருப்பவர் நாற்பது வயதுப் பெண்மணி. பிறந்த ஊரே இதுதான், தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வருகிறது. நான் எந்தக் கம்பெனி என்று சொன்னதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“ஓ, நீங்களா. ஸ்வல்ப இரு மா, இந்த சீட்டை முடிச்சிட்டு வர்றேன்.”

ஃபிரிட்ஜ் கதவில் எங்கள் கம்பெனி ஸ்டிக்கர். அதன் மேலேயே ஒரு தாள் ஒட்டியிருந்தது. காலை எட்டு, பத்து, பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே பேனாவில் டிகிரி, பக்கத்தில் அவருடைய இனிஷியல். உள்ளே ஒரு பாதரசத் தெர்மாமீட்டர் தொங்கியது.

“உங்க போனை நம்பி நான் ஞாயித்துக்கிழமை வீட்ல படுத்தேன்” என்றார். “திங்கக்கிழமை வந்து பாத்தா நட்டு அடியில கிடக்குது.”

“என்ன நட்டு?”

ஃபிரீஸரைத் திறந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் காட்டினார். டம்ளர் நிறைய பனிக்கட்டி, பனிக்கட்டியின் மேல் இரும்பு நட்டு ஒன்று. “தண்ணி உறைஞ்சப்புறம் மேல வெச்சுடுவேன். நான் இல்லாதப்ப உருகிச்சுன்னா நட்டு அடிக்குப் போயிடும். மறுபடி உறைஞ்சாலும் மேல வராதுல்ல? அன்னிக்கு அடியில கிடந்துச்சு. உங்க ஸ்கிரீன்ல பாத்தா எல்லாம் பச்சை. நான் நட்டைத்தான் நம்புனேன். அத்தனை இன்சுலினையும் தூக்கிப் போட்டேன். காலைல ஊசிக்கு வந்தவங்களை எல்லாம் வேற இடத்துக்கு அனுப்பி வெச்சேன். ஜாஸ்தி வயசானவங்க மா. படி ஏறி வந்து, படி இறங்கிப் போனாங்க.”

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நட்டு. இன்னொரு தடவை ஓட்டிப் பார் என்று அதனிடம் சொல்ல முடியாது. விழுந்தால் விழுந்ததுதான்.

“தப்பு எங்களோடதுதான். அந்த பதில் எழுதினதும் நான்தான்” என்றேன். கம்பெனியில் இப்படிச் சொல்லக்கூடாது என்று ஒரு பயிற்சியே நடத்தியிருக்கிறார்கள்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். “சரி. எப்ப சரி பண்ணுவ? எனக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து எழுதுறது பேஜாரா இருக்குது. ஞாயித்துக்கிழமையும் வந்துட்டுப் போறேன்” என்றார்.

சரி பண்ணுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. அளவு வந்து சேர்ந்த நேரத்தைப் பார்க்காமல், எடுத்த நேரத்தைப் பார்த்து வரிசைப்படுத்த வேண்டும். அன்று மாலைக்குள் எழுதிவிட்டேன். எங்கள் வழக்கப்படி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ஒப்புதல் கொடுத்தால்தான் உள்ளே போகும். நான் எழுதியது நூற்றுச் சொச்சம் வரி. பக்கத்து மேசை நண்பனுக்கு அனுப்பினேன். நாற்பது விநாடியில் ‘சரி’ என்று கட்டைவிரல் படம் வந்தது. நூற்றுச் சொச்சம் வரியை நாற்பது விநாடியில் படிக்க முடியாது, ஸ்க்ரோல் பண்ணத்தான் முடியும்.

எழுந்து போய்க் கேட்டேன். “படிச்சியா?”

“நீ எழுதினா சரியாத்தானே இருக்கும்” என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். எனக்கு அவன் கீபோர்டைப் பிடுங்கி வீச வேண்டும்போல் இருந்தது. ஏனென்றால் போன வாரம் அவன் எழுதியதற்கு நானும் அதே கட்டைவிரலைத்தான் கொடுத்தேன்.

தங்கை சைட்டில் கான்கிரீட் போடுவதற்கு முன் ஒரு அட்டை நிரப்புவார்கள். கம்பி கட்டியதைப் பார்த்தவர் கையெழுத்து, பலகை அடித்ததைப் பார்த்தவர் கையெழுத்து, கடைசியில் அவள் கையெழுத்து. நாளைக்குத் தூண் விழுந்தால் அந்த அட்டையைத்தான் முதலில் தேடுவார்கள். அது தெரிந்து, கம்பிக்கு நடுவில் குனிந்து, டேப் வைத்து அளந்த பிறகுதான் போடுகிறாள். எங்கள் கட்டைவிரலை யார் தேடப் போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை காலை டீம் லீடிடம் போனேன். சேலத்துக்காரர், நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். திங்கட்கிழமை இன்னும் பல ஊர்களின் கிளினிக்குகளுக்கு இதே மென்பொருள் போகிறது. அதை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னேன்.

“ஃபிக்ஸ் உள்ள போயிடுச்சுல்ல? டெஸ்ட் பச்சைதானே?”

“பச்சைதான். நேத்து வரைக்கும் கூடத்தான் பச்சையா இருந்துச்சு.”

“இந்தாம்மா” என்று நாற்காலியைத் திருப்பினார். “நாம ஒன்னும் பாலம் கட்டல. தப்பா போனா பேட்ச் போட்டுக்கலாம். அதுதான் நம்ம தொழிலோட அழகே.”

“கெட்டுப்போன இன்சுலினுக்கு பேட்ச் எங்க போடுறது?”

அதற்கு அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதை மறைக்க எனக்கு மனமில்லை. “உன் தங்கச்சி எட்டு மாடி கட்டுறா. அஞ்சாவது மாடி வந்தப்புறம் எவனாவது வந்து, தரைத் தளத்தை மொட்டை மாடியா மாத்துன்னு கேக்குறானா? நம்மகிட்ட புதன்கிழமை புதன்கிழமை கேக்குறான். மாறிக்கிட்டே இருக்கிற ஒன்னுக்கு எந்த க்யூப்பை வெச்சு நசுக்குவ?”

எனக்கும் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்று: எது மாறினாலும், எட்டு டிகிரி எட்டு டிகிரிதான். ஸ்கிரீனின் நிறத்தை வாரத்துக்கு ஒரு தடவை மாற்றட்டும். போன் போகும் இடத்தையாவது தூண் மாதிரி நடத்தக்கூடாதா? இதைச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும், இரண்டு பேர் ஹெட்போனைக் கழற்றினார்கள்.

“நிஜமான ஃபிரிட்ஜ்ல, நிஜமா கரெண்டைப் பிடுங்கி யாரும் இதை இதுவரைக்கும் பாக்கல. நான் பாக்குறேன்.”

“சனிக்கிழமை உன் நேரம்” என்றார் லீட். “திங்கக்கிழமை காலைல எழுதிக் கொண்டு வா. தப்பினா நிறுத்திடுவோம். நீ ஒன்னும் கொண்டு வரலன்னா போகும்.”

“உங்க வாயால சொன்னது போதாது, மெயில்ல போடுங்க.”

“தங்கச்சிகூட ஜாஸ்தி சேராத” என்றார். ஆனால் போட்டார்.

கிளினிக்குக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். மருந்து ஃபிரிட்ஜைத் தொடவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார் அந்த அம்மா. பின்னறையில் குடிதண்ணீர் வைக்கும் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று இருக்கிறதாம், அதைத் தருகிறேன் என்றார். எத்தனை தடவை பார்ப்பாய் என்று கேட்டார். பத்து என்றேன்.

“பத்துல ஒன்னு தப்பினாலும் கதவுல இருக்கிற பேப்பரை நான் எடுக்க மாட்டேன்.”

“எடுக்காதீங்க. நானே எடுக்க விடமாட்டேன்.”

இன்று வெள்ளி, சாயங்காலம். ஆபீஸிலிருந்து கிளம்பும் முன் என் மூன்று தடவை ஸ்கிரிப்டை எல்லோருக்குமாக அழித்தேன். அழிக்க ஒப்புதல் கேட்டபோது அதே நண்பன் இந்தத் தடவை கட்டைவிரல் கொடுக்கவில்லை. ‘ஏன்?’ என்று ஒரு வரி எழுதியிருந்தான். அவன் என் எழுத்தைப் படித்ததாக எனக்குத் தெரிந்த முதல் தடவை அது. உட்கார்ந்து பதில் எழுதினேன்: இனி சிவப்பு வந்தால் மறுபடி ஓட்டலாம், ஆனால் ஏன் சிவப்பு வந்தது என்று பார்த்தவர் தன் பெயரோடு காரணத்தை எழுதிவிட்டு ஓட்ட வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் சரி என்றான். அதிலும் ஒரு எழுத்துப்பிழை காட்டியிருந்தான்.

நாளைக்கு எட்டு மணிக்கு சிவாஜிநகர். பையில் கருவி, எக்ஸ்டென்ஷன் வயர், தங்கையின் சைட்டிலிருந்து எழுதாத ஒரு ரிஜிஸ்டர். குளிர்ந்த ஃபிரிட்ஜில் கருவியை வைப்பேன். ஃபிரிட்ஜ் பிளக்கையும் வைஃபை பிளக்கையும் சேர்த்துப் பிடுங்கி, கதவைத் திறந்து விட்டுவிட்டு அரை மணி நேரம் உட்காருவேன். மறுபடி இரண்டையும் சொருகிவிட்டு, அந்த அம்மாவின் போன் அடிக்கிறதா என்று பார்ப்பேன். மறுபடி குளிர விட்டு, இப்படிப் பத்து தடவை. ரிஜிஸ்டரில் பத்துக் கோடுகள் இன்றே போட்டுவிட்டேன், பதினோராவதற்கு இடம் விடவில்லை. போன் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் ஒவ்வொரு கோட்டிலும் என் கையெழுத்து.